துருத்தி வைத்த இன்ஜின்

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலுக்குள் போகிறவர்கள் அதன் அடுக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த அடுக்குகளில் ஏறிப்போகும் சுடுமண் குழாயைக் கவனிப்பவர்கள் குறைவு. கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் மேல்நிலைகளுக்குத் தண்ணீர் போயிருக்கிறது. ஏற்றமும் கிடையாது, கவலையும் கிடையாது. உயரத்தில் நின்ற தண்ணீரின் எடையே குழாயில் இருந்த தண்ணீரை மேலே தள்ளியது. எவ்வளவு உயரத்தில் தேக்கமோ அவ்வளவு உயரம்தான் ஏறும். அதற்கு மேல் ஒரு சாண் வேண்டுமென்றாலும் ஆள் வைத்து இறைக்க வேண்டும்.

சாதாரணக் கார் இன்ஜின் மூச்சு வாங்குவதும் இதே கணக்குதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பிஸ்டன் செய்வது இடம் விடுவது மட்டுமே. நம் தலைக்கு மேல் நிற்கும் வளிமண்டலம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம்தான் காற்றை ஏர் ஃபில்டர் வழியாகவும் வால்வு வழியாகவும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே வளிமண்டலம் எவ்வளவு தருமோ அவ்வளவுதான் உள்ளே போகும். ஊட்டி ஏறியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்திருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கால் பங்குக்குச் சற்றுக் கீழே குறைந்துவிடுகிறது. காரின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது.

வளிமண்டலம் தருவது போதாது, இன்னும் கொஞ்சம் திணிக்க வேண்டும் என்று இன்ஜினின் கிராங்கிலிருந்தே பெல்ட் போட்டுச் சுற்றவிடும் காற்றுப் பம்புதான் சூப்பர்சார்ஜர். நம் கொல்லர் பட்டறையில் இதற்குப் பழைய பெயர் உண்டு: துருத்தி. கரி எவ்வளவு இருந்தாலும் காற்று ஊதினால்தான் இரும்பு சிவக்கும். பெட்ரோலை அதிகம் தெளிப்பது எளிது. அதை எரிக்கும் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம்.

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்துவதற்குப் பிக்கப் போதாமல் தவித்த எவருக்கும் இந்த ஆசை வரும். பழைய காரை விற்க மனமில்லை, அதிலேயே ஒரு சூப்பர்சார்ஜர் வைக்க முடியுமா என்று இளைஞர்கள் ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறார்கள். வீடியோக்களில் பார்த்திருக்கிறார்கள். முடியும் என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது அவர்களை ஏமாற்றுவதாகும். முடியாது என்பதும் உண்மையல்ல. கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் வேறு: சூப்பர்சார்ஜர் நன்றாக வேலை செய்த இடங்களில் எல்லாம் யாரும் பழைய இன்ஜினில் அதைப் பொருத்தவில்லை. சூப்பர்சார்ஜருக்கு ஏற்ற மாதிரி இன்ஜினை மறுபடி செய்திருக்கிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் ஊரில், ரூட்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு சகோதரர்கள் 1860 வாக்கில், ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு உருளைகளைக் கொண்ட ஊதுகருவியைச் செய்தார்கள். கார் என்ற பொருளே அப்போது இல்லை. உலைக்களத்துக்கும் சுரங்கத்துக்கும் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது, துருத்தியின் வேலைதான். 1885இல் காட்லீப் டைம்லர் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விமானங்கள் உயரப் பறக்கத் தொடங்கி, மேலே காற்று மெலிந்து இன்ஜின் மூச்சுத் திணறியபோதுதான் இந்த யோசனைக்கு உண்மையான தேவை வந்தது. 1921இல் மெர்சிடஸ் சூப்பர்சார்ஜர் வைத்த சாலைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் கிளட்ச் பிடித்து ஊதுகருவி சுழலும். மற்ற நேரம் சும்மா கிடக்கும்.

கேள்விக்கு நேராக விடை தரும் பழைய உதாரணங்கள் இரண்டு. முதலாவது நம் நாட்டுக்கு வந்தது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930களின் நடுவில் ஒரு டூசன்பர்க் காரை வாங்கினார். அதற்கு லண்டனில் கர்னி நட்டிங் நிறுவனம் உடல் கட்டியது. ஜே என்ற வகையில் 6.9 லிட்டர் இன்ஜின் சூப்பர்சார்ஜர் இல்லாமல் 265 குதிரைத்திறன் தரும் என்று நிறுவனம் சொன்னது. மகாராஜா வாங்கியது எஸ்.ஜே., அதாவது அதே இன்ஜினில் சூப்பர்சார்ஜர் சேர்த்தது. அதற்குச் சொன்ன அளவு 320. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இந்த ஐந்தில் ஒரு பங்கை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், மறுபடி வரும். இந்தக் கூடுதலைத் தாங்குவதற்காகவே ஜே வகையின் அலுமினியக் கனெக்டிங் ராடுகளை மாற்றி எஃகுக் குழாய் ராடுகளை வைத்தார்கள்.

இரண்டாவது பென்ட்லி. 4½ லிட்டர் பென்ட்லி சாதாரணமாக 110 குதிரைத்திறன் தந்தது. பந்தய வீரர் டிம் பர்கின், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரை அதன் முன்னால் தொங்கவிட்டு, சாலைக் காரிலேயே 175 வரை கொண்டுவந்தார். நிறுவனத்தை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. அதிகத் திறன் வேண்டுமானால் பெரிய இன்ஜின் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. 1930 லெ மான் பந்தயத்தில் இரண்டு கட்சியும் ஒரே தடத்தில் ஓடின. பர்கினின் சூப்பர்சார்ஜர் கார்கள் வேகத்தில் அசத்திவிட்டுப் பாதியில் நின்றன. துருத்தி இல்லாத 6½ லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் வென்றது. கார்ப் பிரியர்கள் இன்றும் கொண்டாடுவது தோற்ற காரைத்தான். எனக்கும் அதன் அழகில் மயக்கம் உண்டு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கோடு நின்ற டூசன்பர்க்கையும், பாதிக்கு மேல் கூட்டிய பென்ட்லியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பாடம் தெளிவாகவே இருக்கிறது.

இவை மகாராஜாக்களின், பிரபுக்களின் கதைகள். நமக்கு நெருக்கமான கதை செஞ்சியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரகடத்தில் நடந்தது. ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010இல் அங்கே திறக்கப்பட்டது. அங்கே செய்த நிசான் மைக்ரா இந்தியாவில் விற்கப்பட்டது. ஐரோப்பாவுக்கான மைக்ராக்களும் அங்கேயே தயாராகிக் கப்பலேறின. இந்திய மைக்ராவின் 1,198 சி.சி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 76 குதிரைத்திறன் தந்தது. ஐரோப்பாவில் அதே இன்ஜின் 80. ஆனால் 2011இல் ஐரோப்பிய மைக்ராவுக்கு டி.ஐ.ஜி.-எஸ் என்று இன்னொரு வகையும் வந்தது. அதே 1.2 லிட்டர், அதே மூன்று சிலிண்டர், கூடவே ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர். 98 குதிரைத்திறன். முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டரிலிருந்து 142. மறுபடியும் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. எண்பது ஆண்டு இடைவெளியில், கடலுக்கு இரு பக்கமும் இருந்த பொறியாளர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

நம் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. சூப்பர்சார்ஜர் இல்லாதது ஒன்று, உள்ளது ஒன்று, இரண்டும் ஒரே குடும்ப இன்ஜின். இரண்டுக்கும் நடுவில் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று பாருங்கள். மேனிஃபோல்டில் தெளித்த பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முறைக்கு மாற்றினார்கள், சூடான அறைக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது அது குளிரும் என்பதற்காக. பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிச் சூட்டை இறக்கினார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டுக்குள் சோடியத்தை நிரப்பினார்கள். அந்தச் சோடியம் உருகிக் குலுங்கி, வால்வுத் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தும். பிஸ்டன் ரிங்குக்கு வைரம் போன்ற கரிமப் பூச்சு கொடுத்தார்கள். உள்ளிழு வால்வை வழக்கத்தைவிடத் தாமதமாக மூடும் மில்லர் முறையைக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் 13க்கு 1 என்று இருக்கும் அழுத்த விகிதம் இதனால் உள்ளுக்குள் உண்மையில் குறைந்துவிடுகிறது. சூப்பர்சார்ஜருக்கு மின்காந்தக் கிளட்ச் வைத்தார்கள், மெதுவாகப் போகும்போது அது சுழலவே வேண்டியதில்லை. இத்தனையும் செய்து முடித்தபோது கிலோமீட்டருக்கு 95 கிராம் கரியமில வாயு என்ற கணக்கு வந்தது. துருத்தி இல்லாத அதே மைக்ராவின் கணக்கு 115. 95 கிராம் என்றால் சோதனைச்சாலை அளவில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்று பொருள். துருத்தி மைலேஜையும் கூட்டும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அந்த மைலேஜ் துருத்தியிலிருந்து வரவில்லை, துருத்தியைச் சுற்றி மாற்றிய மற்ற அத்தனையிலிருந்தும் வந்தது.

டொயோட்டாவும் 1980களில் இதையே வேறு வழியில் செய்தது. புகழ்பெற்ற 4ஏ-ஜிஇ இன்ஜினில் அழுத்த விகிதம் 9.4. சூப்பர்சார்ஜர் சேர்த்த 4ஏ-ஜிஇசட்இ வகையில் அதை 8.0 ஆகக் குறைத்து, அடித்து உருவாக்கிய பிஸ்டன்களைப் போட்டார்கள்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். மே மாதம், செஞ்சியில் நண்பகல், நிழலில் 40 டிகிரி. பாறைக் குன்றுகள் சூட்டை வாங்கித் திருப்பி வீசும் ஊர் இது. பழைய 1.2 லிட்டர் கார், 76 குதிரைத்திறன். ஜப்பானியச் சிறு கார்களுக்கென்று செய்த ஒரு சிறிய ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரைப் பழைய சாமான் கடையில் யாரோ பிடித்துவிட்டார். ஒரு சுற்றுக்கு 500 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும் அளவு என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு வாங்கும், ஆகவே கிராங்கின் ஒரு சுற்றுக்கு அது கேட்பது 600 கன சென்டிமீட்டர். கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது சூப்பர்சார்ஜர் ஒன்றரைச் சுற்று சுற்றும்படி புல்லி போட்டால் 750 கிடைக்கும். கசிவு போக 710 வரை உள்ளே போகும். 600 கேட்கும் இடத்தில் 710. இடமில்லாத இடத்தில் திணிப்பதால் அழுத்தம் உயர்ந்து, வளிமண்டலத்தைப் போல் 1.4 மடங்கு ஆகும். ஒர்க்‌ஷாப் பேச்சில் ஆறு பி.எஸ்.ஐ. பூஸ்ட்.

1.4 மடங்கு அழுத்தம் என்றால் 40 சதவீதம் அதிகக் காற்று என்று நினைப்பது இயல்பு. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்று விரியும். இழப்பே இல்லாத பம்பாக இருந்தால் 40 டிகிரிக் காற்று 72 டிகிரி ஆகும். ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை, அள்ளிக்கொண்டுபோய் வாசலில் கொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கும் காற்று எதிர்த்து அடிக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. அந்தக் குழப்பத்தில் வீணாவதெல்லாம் சூடாகிறது. 60 சதவீதத் திறன் என்று கணக்கிட்டால் காற்று 93 டிகிரியில் உள்ளே போகும். அந்தச் சூட்டில் 1.4 மடங்கு அழுத்தம் தரும் காற்றின் எடை வெறும் 1.2 மடங்கு. மறுபடியும் அதே ஐந்தில் ஒரு பங்கு.

கணக்கு அங்கே முடியவில்லை. அந்தப் பம்பைச் சுற்றும் உழைப்பு கிராங்கிலிருந்துதான் வருகிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் ஏறக்குறைய ஆறு குதிரைத்திறன். ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 76 என்பது 91 ஆகும், ஆறு போனால் 85. பின்னால் சொல்லப்போகும் நாக்கிங்குக்குப் பயந்து இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ள வேண்டும். அதில் இன்னும் கொஞ்சம் போகும். கைச்செலவு, லேத் வேலை, மூன்று வாரம் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது எல்லாம் சேர்த்து, கடைசியில் கையில் நிற்பது எட்டு ஒன்பது குதிரைத்திறன். நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்துக் காற்றை 55 டிகிரிக்கு இறக்கி, அழுத்தம் 1.4 மடங்கிலேயே நிற்கும்படி புல்லியின் வேகத்தையும் கூட்டினால் காற்றின் எடை 1.33 மடங்கு ஆகும். அப்போது நிகரமாக 94 வரை எதிர்பார்க்கலாம். ஆகவே செஞ்சி வெயிலில் இன்டர்கூலர் இல்லாத சூப்பர்சார்ஜரை நான் பாதி வேலை என்றே சொல்வேன். பம்ப்பரின் பின்னால், ஏ.சி. கண்டன்சரோடும் ரேடியேட்டரோடும் சண்டையிட்டு அதற்கு இடம் பிடிப்பது தனிப் பாடு.

ரூட்ஸ் தவிர வேறு வகைச் சூப்பர்சார்ஜர்களும் உண்டு. திருகு வகை காற்றைத் தனக்குள்ளேயே அழுத்தி அனுப்புவதால் சூடு குறைவு, விலை அதிகம். மையவிலக்கு வகை டர்போவின் முன்பாதியைப் போன்றது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் ஏறும் என்பதால் கீழ் ஆர்.பி.எம்.மில் அது ஒன்றும் தராது. லாரியை முந்த மூன்றாம் கியரில் மிதிக்கும்போது வேண்டியது கீழ், நடு ஆர்.பி.எம். இழுவை. அதற்கு ரூட்ஸ் வகையும் திருகு வகையும்தான் பொருத்தம்.

பெல்ட்டும் பிராக்கெட்டும் நம் ஊர்க் கைவினைஞர்கள் நன்றாகச் செய்யக்கூடிய பகுதி. இதை நான் முழு மரியாதையோடு சொல்கிறேன். எந்தக் கம்பெனிப் படமும் இல்லாமல் ஒரு புல்லியைக் கடைந்து, மூன்று புல்லிகளையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தும் லேத்காரர்கள் சிறு ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் பெல்ட் கத்தும், நழுவும், விளிம்பு பிய்யும். பெல்ட் அறுந்தால் பல கார்களில் ஆல்டர்நேட்டரும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்து நின்றுபோகும். ஆனால் இந்த வேலையில் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. அது பெட்ரோலிலும் நெருப்பிலும் இருக்கிறது.

ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடினால் பெட்ரோலும் அவ்வளவு கூட வேண்டும். கம்பெனி இன்ஜெக்டர்கள் முழு மிதியில் ஏற்கெனவே தம் அளவின் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் பழைய கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏழு சதவீதம் போலக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். இன்ஜெக்டரின் மிச்ச இடத்தை அதுவே தின்றுவிட்டது. காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வளிமண்டல அழுத்தம் வரைதான் அளக்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. காற்று கூடுதலாக வருவது அறியாமல் பெட்ரோலைக் குறைவாகத் தெளிக்கும். அழுத்தம் கூடிய அறையில் பெட்ரோல் குறைந்தால் சூடு கட்டுக்கடங்காமல் போகும்.

அப்போதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிச் சேர்வதற்கு முன்பே, மூலையில் ஒதுங்கியிருந்த கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போன்ற சத்தம். ஒவ்வொரு சத்தமும் பிஸ்டன் தலையில் விழும் சுத்தியல் அடி. முதலில் உடைவது பெரும்பாலும் ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பிஸ்டன் விளிம்பு. அல்லது ஹெட் கேஸ்கட் போகும். அதையும் தாண்டினால் கனெக்டிங் ராடு. சிறு கார்களின் ராடுகளை மைலேஜுக்காகக் கிராம் கிராமாக இளைக்கவைத்திருக்கிறார்கள், தாராளமாக உலோகம் விட்டுவைத்த பழைய இன்ஜின்கள் அல்ல அவை. இன்றைய இந்தியச் சிறு கார்கள் சிலவற்றில் அழுத்த விகிதம் 12 வரை வந்துவிட்டது. மைலேஜுக்கு அது வரம், சூப்பர்சார்ஜருக்கு அது எதிரி. எத்தனால் கலந்ததில் ஒரு நன்மையும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த இ20 பெட்ரோலுக்கு வகுத்த தரப்படி ஆக்டேன் 95, முன்பு இருந்த 91ஐவிட நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் கூடுதலாகக் குளிரவைக்கவும் செய்யும். டேங்க், குழாய், ரப்பர் எல்லாம் எத்தனாலுக்கு ஏற்றதாக இருந்தால் துருத்தி வைப்பவருக்கு அது எதிரியைவிட நண்பன்தான். பெரிய இன்ஜெக்டரும் சரியான டியூனிங்கும் சேர்ந்தால்.

சரியான டியூனிங் என்றால், இன்ஜினைத் திறன் அளக்கும் டைனோவில் கட்டி, எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் அளந்து, ஒவ்வொரு ஆர்.பி.எம்.முக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பெட்ரோலையும் டைமிங்கையும் எழுதுவது. அது செஞ்சியிலோ திண்டிவனத்திலோ நடக்கும் வேலை அல்ல. அதற்கான கருவியும் ஆளும் சென்னை, கோவை, பெங்களூரு போன்ற இடங்களில்தான். சூப்பர்சார்ஜரின் விலையைக் கேட்டுவிட்டு வேலை தொடங்குகிறவர்கள் இந்தச் செலவைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

டர்போ ஏன் வெல்கிறது என்ற கேள்வியையும் தொட வேண்டும். பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாகச் சூடாக வெளியே போகிறது. டர்போ அந்த வீணானதிலிருந்து உழைப்பை எடுக்கிறது, சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து எடுக்கிறது. கம்பெனிகளுக்கு டர்போதான் கணக்குக்கு ஒத்துவரும். இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கு உட்பட்ட இன்ஜினும் கொண்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16க்குக் குறைத்தார். அன்றிலிருந்து இந்தியாவின் சிறு கார் அந்த இரண்டு எண்களுக்குள் அடைபட்டே வளர்ந்தது. இன்ஜினைப் பெரிதாக்க வழியில்லை, ஆகவே அதே அளவுக்குள் காற்றைத் திணித்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்துவந்த வென்யூ காரிலேயே இதைப் பார்க்கலாம். 1,197 சி.சி. சாதாரண இன்ஜின் 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர். அதைவிடச் சிறிய 998 சி.சி. டர்போ 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். டபிள்யூ. ஓ. பென்ட்லி சொன்ன வழி நம் வரிச் சட்டத்தில் அடைபட்டுவிட்டது.

வெளியிலிருந்து சேர்ப்பவருக்கு மட்டும் சூப்பர்சார்ஜரில் சில வசதிகள் இன்னும் உண்டு. செந்தணலாகச் சுடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கை வைக்க வேண்டாம். இன்ஜினிலிருந்து எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டிய அவசியம் பலவற்றில் இல்லை. மிதித்த உடனே இழுவை வரும். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பழையபடி ஓட்டலாம், பிஸ்டன் முழுதாக இருந்தால்.

இனி சட்டம். இந்தப் பகுதியைப் பலர் கடைசியில் கூடப் படிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. எரிவாயுவுக்கு மாற்றுவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்பத் திருத்துவது போன்றவற்றுக்கு வழி வைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு முரணான மாற்றங்களைப் பதிவு அதிகாரி ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான். காரோட்டியின் வண்டிச் சேதம் போனால் போகட்டும், அடிபட்டவரின் குடும்பம் நஷ்டஈட்டுக்காக அலைய நேர்வதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

புகைச் சான்று வாங்கிவிட்டேனே என்பார்கள். அந்தச் சோதனை நின்ற இடத்தில், ஐட்லிங்கில் நடப்பது. அப்போது சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய ஒன்றுமே செய்துகொண்டிருக்காது. முழு மிதியில், சூட்டுக்குப் பயந்து பெட்ரோலைக் கொட்டி ஓட்டும்போது வெளியே போவது என்ன, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அந்தச் சான்று சொல்லாது.

ஆகவே இந்த வேலைக்கான சரியான இடம் பந்தயத் தடம். இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது, கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. இரண்டாவது, எஸ். கரிவரதன் பெயரில் உள்ளது. அவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1980களின் இறுதியில் இளைஞர்களுக்கு மலிவான பந்தயக் கார் வேண்டும் என்று யோசித்தவர் அவர். கையில் இருந்தது மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜின். அதற்குத் துருத்தி எதுவும் வைக்கவில்லை அவர். அதைச் சுமக்கும் வண்டியை இளைக்கவைத்தார். ஒற்றை இருக்கை, எலும்புக்கூடு போன்ற சட்டம், அவ்வளவுதான். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில் ஒரு தலைமுறையே பந்தயம் பழகியது. குதிரைத்திறனைக் கூட்டுவதும் எடையைக் குறைப்பதும் ஓட்டுகிறவருக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவதில் பிஸ்டன் உடைவதில்லை.

தடத்துக்கென்றே ஒரு காரை ஒதுக்கி வைத்திருப்பவர், அரை பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், இன்டர்கூலரோடு, மாற்று மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், தனிக் கம்ப்யூட்டர், குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணம் எடுத்துவைத்து இறங்கினால், அதை நான் மனதார வாழ்த்துவேன். கிளட்சும் பிரேக்கும் அந்தப் பட்டியலிலேயே சேரும். ஒரு இன்ஜினை உள்ளும் புறமும் படிக்க அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

தினம் ஓட்டும் காருக்காகக் கேட்பவரிடம் நான் வேறு ஒன்றைக் கேட்பேன். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? ஒன்றில் குறைந்து மற்றதில் சரியாக இருந்தால், துருத்தி ஊதும் காற்று அந்த ஒன்றின் ரிங் வழியாகக் கிராங்க் பெட்டிக்குத்தான் போகும். வால்வு இடைவெளி கடைசியாக எப்போது பார்த்தது? அறுவடைக் காலத் தூசியில் ஓடிய ஏர் ஃபில்டரைத் தட்டிவிட்டு மறுபடி போட்டதா, மாற்றியதா? மூன்றாம் கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் அது கிளட்ச், இன்ஜினின் குறையல்ல. பின் பிரேக் ஷூ ஒட்டிப் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். டயர் காற்று 33 இருக்க வேண்டிய இடத்தில் 24இல் ஓடும் கார்கள் எத்தனை! பழைய காரில் இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைத் தின்றுகொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்தால், முன்பு கணக்குப் போட்ட இன்டர்கூலர் இல்லாத சூப்பர்சார்ஜர் தரும் எட்டு ஒன்பதுக்கு அருகில்கூட வரலாம்.

இவற்றைச் சரிசெய்த காரை, திருவண்ணாமலை சாலையில், செஞ்சியின் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக் குன்றுக்கும் நடுவே கோட்டையை ஊடுருவிப் போகும் அந்த நீட்டில், அதிகாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். விடியலில் காற்று 24 டிகிரி இருக்கும். நண்பகலின் 40 டிகிரிக் காற்றைவிட அது ஐந்து சதவீதம் அடர்த்தியானது, பெல்ட்டும் புல்லியும் இல்லாமல் வளிமண்டலமே கூடுதலாகத் தள்ளித் தருவது.